காசு கொடுத்து நடிக்க வரும் கூட்டம்

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கும் சண்டர்லேண்டுக்கும் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று நிம்மதியாக முன்னால் இருக்கிறது. 77-ஆவது நிமிடம் வந்ததும் கேலரியில் சலசலப்பு. ஆட்கள் எழுந்திருக்கிறார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடக்கிறார்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். போகிற போக்கில் உரிமையாளர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டி ஒரு பாட்டு வேறு. கூட்டம் கலைந்த பிறகு சண்டர்லேண்ட் 82-ஆவது நிமிடத்தில் ஒன்று, 89-ஆவது நிமிடத்தில் ஒன்று என்று இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது. பயிற்சியாளர் கிளாப் அன்று குடல்வால் கோளாறால் மைதானத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

ஏன் 77? அடுத்த சீசனில் திறக்கவிருந்த புது மெயின் ஸ்டாண்டில் உச்ச விலை டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதுவரை உச்சம் 59. நான்கே நாளில் அமெரிக்க உரிமையாளர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதி, பழைய விலைக்கே திரும்பினார்கள். லிவர்பூலின் நூற்றுச்சொச்ச வருட வரலாற்றில் ரசிகர்கள் ஆட்டத்தின் பாதியில் இப்படிக் கூட்டமாக வெளியேறியது அதுதான் முதல் தடவை.

இந்த 77-க்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1990 வாக்கில் அதே மைதானத்தில் கோப் என்ற கேலரியில் நின்று ஆட்டம் பார்க்க 4 பவுண்டு போதும். விலைவாசி ஏற்றத்தை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 2016-ல் அது 10 பவுண்டைத் தாண்டியிருக்காது. கோப்பில் நிற்பதும் மெயின் ஸ்டாண்டில் உட்காருவதும் ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடையில் என்னவோ நடந்திருக்கிறது. அந்த என்னவோவைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கோப். கோல் கம்பத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழும் கேலரி. 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் கோப் என்ற குன்றில் நடந்த போயர் யுத்தச் சண்டையில் லங்காஷயர் படைவீரர்கள் ஏராளமானோர் செத்துப்போனார்கள். அந்த நினைவில் 1906-ல் கட்டிய மேட்டுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையை நடத்தியவர் காந்தி. நடாலின் ஒப்பந்தக் கூலிகள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்தார்கள். கால்பந்து டிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. தெரிந்த பிறகு சொல்லாமல் விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கோப்பில் ஒரு காலத்தில் 28,000 பேர் வரை நின்றார்கள். துறைமுகத் தொழிலாளிகள், ஆலைக்காரர்கள், பள்ளிப் பையன்கள். சனிக்கிழமை மதியம் வரை வேலை, சம்பளக் கவரோடு நேரே மைதானம். முன்பதிவு கிடையாது, வாசலில் சில்லறை கொடுத்துச் சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டியதுதான். அன்றைக்குக் கிளப்பின் வருமானம் என்பது பெரும்பாலும் அந்தச் சுழல்கதவில் விழும் சில்லறைதான்.

1964 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிபிசி 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது காட்டிய முதல் ஆட்டம் ஆன்ஃபீல்டில் நடந்ததுதான், லிவர்பூல் 3, ஆர்சனல் 2. அன்று டிவியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். மைதானத்துக்குள் 47,000-க்கும் மேல். டிவியில் பார்த்தவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமானவர்கள் நேரில் பார்த்த ஆட்டம். இந்த விகிதம் பிறகு எப்படித் தலைகீழானது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

அந்தக் காலத்தை ரொம்பவும் உயர்த்திப் பேசுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. 1961 வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 20 பவுண்டு. எத்தனை பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் அதற்குமேல் காசு கிடையாது. ஐம்பதாயிரம் பேரை வரவழைத்து முதலாளிகள் கல்லாவை நிரப்பினார்கள், ஆடியவன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான். சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகுதான் வரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் உடனே வாரம் 100 பவுண்டு வாங்க ஆரம்பித்தார். பணம் ஆட்டத்துக்குள் வந்ததே தப்பு என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் முதலாளிகளுக்கும் அன்று சில கட்டுகள் இருந்தன. கிளப்பிலிருந்து பங்குதாரர்கள் எடுக்கும் லாபத்துக்குக் கால்பந்துச் சங்கத்தின் விதி ஒன்று வரம்பு போட்டிருந்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றும் அந்த விதி சொன்னது. கிளப் என்பது ஊருக்குச் செய்யும் கைங்கரியம், கோயில் தர்மகர்த்தா பதவி மாதிரி என்ற எண்ணம். இன்னொரு கட்டு, வாசல் வசூலில் ஒரு பங்கை விருந்தாளி அணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது. சின்ன ஊர் அணி ஆன்ஃபீல்டுக்கு வந்து தோற்றாலும் வெறுங்கையோடு திரும்பாது.

1983-ல் இரண்டும் அவிழ்ந்தன. பெரிய கிளப்புகள் அழுத்தம் கொடுக்க, வசூல் பங்கு முறை ஒழிந்தது, உள்ளூர்க்காரனுக்கே முழுக் கல்லாவும். அதே ஆண்டு டாட்டன்ஹாம், தாய் நிறுவனம் ஒன்றை உருவாக்கி, அதன் அடியில் கிளப்பை வைத்துப் பங்குச்சந்தைக்குப் போனது. விதி கிளப்புக்குத்தானே, தாய் நிறுவனத்துக்கு இல்லையே. இப்படி ஓட்டை கண்டுபிடிப்பவர்களை நம் ஊரில் நல்ல ஆடிட்டர் என்போம்.

இனி வருவது வலிக்கிற பகுதி.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கோப்பை அரையிறுதி. வேலியிட்ட கூண்டு போன்ற கேலரிக்குள் போலீஸ் அளவுக்கு மீறிக் கூட்டத்தைத் திறந்துவிட்டது. நெரிசலில் நின்றபடியே மூச்சு முட்டி மாண்டவர்கள், பல ஆண்டுகள் கழித்து இறந்த ஒருவரையும் சேர்த்து, 97 பேர். எல்லாரும் லிவர்பூல் ஆதரவாளர்கள். பழியையும் செத்தவர்கள் மேலேயே போட்டார்கள். தவறு ரசிகர்களுடையது அல்ல, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்ற நடுவர் குழு சொல்ல 2016 ஏப்ரல் வரை ஆனது. மேலே சொன்ன வெளிநடப்புக்கு இரண்டே மாதம் கழித்து.

நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் கொடுத்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி வேண்டும் என்றது. இந்த அறிக்கையால்தான் விலை ஏறியது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நின்று பார்ப்பவர்களின் சட்டைப்பைக்கு ஏற்றபடியே குறைந்தபட்ச நாற்காலி விலையை வைக்க முடியும் என்கிறார் டெய்லர். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணமும் காட்டுகிறார்: அங்கே உட்கார 6 பவுண்டு, நிற்க 4. நாற்காலி போடச் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே இருந்த விலை பற்றிய வரியைப் பார்க்காததுபோல் புரட்டிவிட்டார்கள். நாற்காலி போடும் செலவுக்கு அரசு கால்பந்துச் சூதாட்ட வரியைக் குறைத்து வழிசெய்து கொடுத்தது. ஆக, அதில் பொதுப்பணமும் உண்டு. 97 பேர் சாவிலிருந்து வந்த ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, வாடிக்கையாளர்களை மாற்றுவதற்கு வசதியாகப்போயிற்று. எனக்கு இந்தக் கதையில் மிகவும் கசக்கும் இடம் இதுதான்.

வாடிக்கையாளர்களை மாற்றுவது என்று நான் சும்மா சொல்லவில்லை. 1991-ல் கால்பந்துச் சங்கம் வெளியிட்ட எதிர்காலத் திட்ட அறிக்கையிலேயே, மற்ற பொழுதுபோக்குத் தொழில்கள் வசதியான நடுத்தர வர்க்கத்தைத் தேடி மேலே போய்விட்டன, கால்பந்தும் அதைக் கவனிக்க வேண்டும் என்ற ஆலோசனை இருந்தது. சூழ்ச்சிக் கோட்பாடெல்லாம் தேவையில்லை. அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு பிரீமியர் லீக். முதல் பிரிவின் 22 கிளப்புகளும் பழைய லீக்கிலிருந்து பிரிந்து வந்து, தங்கள் டிவி உரிமையைத் தாங்களே விற்கத் துணிந்தன. 1988-ல் ஐடிவி நான்கு ஆண்டுக்குக் கொடுத்தது 4.4 கோடி பவுண்டு. 1992-ல் செயற்கைக்கோள் சேனலான ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குச் செய்த ஒப்பந்தத்தின் அறிவிக்கப்பட்ட மதிப்பு 30.4 கோடி. ஏல நாளன்று டாட்டன்ஹாம் முதலாளி ஆலன் ஷுகர் ஹோட்டலிலிருந்தே ஸ்கைக்குப் போன் போட்டு, எதிராளியை அடித்து நொறுக்கும் தொகையாகக் கொண்டுவா என்று சொன்ன கதை பிரசித்தம். அவருடைய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம்தான் ஸ்கைக்கு டிஷ் ஆன்டெனா செய்து கொடுத்தது. ஸ்கை ஜெயித்தால் டிஷ் விற்கும். அப்படிப்பட்ட ஒருவர், உரிமை எந்தச் சேனலுக்கு என்ற கிளப்புகளின் ஓட்டெடுப்பில் ஓட்டும் போட்டார். நம் ஊர்ப் பஞ்சாயத்திலேயே இதைக் கேள்வி கேட்டிருப்பார்கள்.

1994 ஏப்ரல் 30-ஆம் தேதி கோப் கடைசியாக நின்று ஆட்டம் பார்த்தது. நார்விச்சிடம் 0-1 என்று தோல்வி. பிறகு இடித்துவிட்டு நாற்காலி போட்டார்கள், சுமார் 12,000 இடம். அளிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது, தேவை ஏறிக்கொண்டே இருக்கிறது. விலை எங்கே போகும் என்று சொல்லப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை.

டிவிப் பணம் இவ்வளவு கொட்டினால் டிக்கெட் விலை குறைய வேண்டாமா? சாதாரண மனிதனுக்கு வரும் சந்தேகம்தான். ஒரு கணக்கு சொல்கிறேன். 2016 முதல் மூன்று சீசனுக்கு உள்நாட்டு டிவி உரிமை 513.6 கோடி பவுண்டுக்குப் போனது. அதற்கு முந்தைய மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 302 கோடி. உயர்வு மட்டுமே ஆண்டுக்கு 70 கோடி பவுண்டு. அந்தக் காலகட்டத்தில் இருபது கிளப்புகளும் மைதானத்தில் ஈட்டிய மொத்த வருமானம், டிக்கெட்டும் விருந்துப் பெட்டிகளும் எல்லாம் சேர்த்து, அதைவிடக் குறைவு. அதாவது கூடுதலாக வந்த டிவிப் பணத்தை வைத்தே ஊரில் உள்ள அத்தனை பேரையும் இலவசமாக உள்ளே விட்டிருக்கலாம். முந்தைய நிலைமையிலிருந்து ஒரு பைசா நஷ்டமில்லை. இந்த ஒப்பந்தம் உறுதியாகி ஓராண்டு கழித்துத்தான் லிவர்பூல் 77 பவுண்டு என்று விலைப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தது. பத்தாயிரம் பேர் எழுந்து போனதில் என்ன ஆச்சரியம்?

பணம் எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கும் அணி மாற்றத்துக்கும்தான். ஒருவர் அதிகம் கொடுத்தால் மற்றவரும் கொடுத்தாக வேண்டும். எல்லாருக்கும் வருமானம் கூடும்போது யாருமே முன்னேறுவதில்லை, விலை மட்டும் ஏறுகிறது. 1979-ல் டிரெவர் ஃபிரான்சிஸ் பத்து லட்சம் பவுண்டுக்குப் போனபோது இங்கிலாந்தே வாய்பிளந்தது. 2025 செப்டம்பரில் லிவர்பூல் அலெக்ஸாண்டர் இசாக்குக்குக் கொடுத்தது 12.5 கோடி. இந்த ஓட்டத்தில் டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று பவுண்டு கூட்டினால் கிடைப்பது ஒரு நட்சத்திரத்தின் சில வாரச் சம்பளம்தான். ஆனாலும் கூட்டுகிறார்கள்.

ஏன் கூட்டுகிறார்கள் என்று யோசித்தபோது எனக்குக் கோடம்பாக்கம் ஞாபகம் வந்தது. திருவிழாக் காட்சி எடுக்கிறார்கள் என்றால் ஏஜென்ட் துணை நடிகர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். காலையில் டிபன், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் பேட்டா. கேமராவில் கூட்டம் தெரிய வேண்டும், கத்தச் சொன்னால் கத்த வேண்டும், அதற்குத்தான் கூலி. இங்கிலாந்துக் கால்பந்தில் அதே வேலையைச் செய்கிற கூட்டத்திடம் பேட்டாவை எதிர்ப்பக்கமாக வசூலிக்கிறார்கள். பாடுகிறவனும் அவனே, கொடி தைத்துக் கொண்டுவருகிறவனும் அவனே, மழையில் நனைகிறவனும் அவனே. படம் அவனை வைத்துத்தான் விற்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டியதும் அவனே.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் நின்றுபோன லீக் ஜூன் 17-ஆம் தேதி காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. ஆட்டம் அதே ஆட்டம், ஆட்டக்காரர்களும் அவர்களே. டிவியில் பார்த்தால் மாநகராட்சிப் பூங்காவில் பயிற்சி நடப்பதுபோல் இருந்தது. பந்தை உதைக்கும் சத்தம், பயிற்சியாளரின் கெட்ட வார்த்தை. ஸ்கை என்ன செய்தது தெரியுமா? வீடியோ கேம் நிறுவனத்தோடு சேர்ந்து, கேமுக்காகச் சேகரித்து வைத்திருந்த கூட்ட இரைச்சலை ஒளிபரப்பின் அடியில் ஓடவிட்டது. கோல் விழுந்தால் ஒரு பட்டன், தவறினால் ஒரு பட்டன். முப்பது ஆண்டு காத்திருந்து லிவர்பூல் வென்ற லீக் கோப்பையை அணித் தலைவர் ஹெண்டர்சன் தூக்கியது அந்த ஜூலையில்தான், ஆளில்லாத கோப்பின் மேல் மேடை போட்டு. கூட்டத்தின் விலை என்ன என்று அன்றைக்கு டிவிக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்று பிரீமியர் லீக் கிளப்புகளின் மொத்த வருமானத்தில் மைதான வசூல் ஏழில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் மெத்தை நாற்காலி, சாப்பாடு, ஒயின் என்று கொடுத்து வாங்கும் விருந்து இருக்கைகளின் பங்கு கணிசமானது. புதிய ஸ்டாண்ட் எங்கே கட்டினாலும் முதலில் அந்த இருக்கைகளைத்தான் பெருக்குகிறார்கள். இருபது வயதுப் பையன் பாடுகிற இடத்தைவிட, இடைவேளை முடிந்து பத்து நிமிடம் கழித்தும் காலியாகக் கிடக்கிற மெத்தை நாற்காலிக்கு வரும்படி அதிகம். டிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு ஒதுக்கிய டிக்கெட் ஒன்றின் விலை 62 பவுண்டு. கட்டுப்படியாகாமல் 900-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளைச் சிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் எல்லைக்கோட்டு நடுவர் சிட்டி ஆட்டக்காரர்களிடம், அங்கே அவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய் அவர்களைப் பாருங்கள் என்று சொன்னது மைக்கில் பதிவாகிவிட்டது. நடுவர்கள் பாரபட்சம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த ஒரு பாரபட்சத்துக்கு என் ஓட்டு உண்டு.

வெளியூர் ரசிகர்களுக்கு 20 பவுண்டு போதும் என்ற இயக்கம் அந்த ஆண்டு சூடுபிடித்தது. 2016 மார்ச்சில், லிவர்பூல் வெளிநடப்புக்கு ஒரு மாதம் கழித்து, இருபது கிளப்புகளும் சேர்ந்து வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தன. அது இன்றும் நீடிக்கிறது. கிளப்புகளின் தாராள மனசு என்று இதைப் பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரிதான் படுகிறது. மைதானத்தில் இரைச்சலைக் கிளப்பிவிடுவதே அந்த மூவாயிரம் வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் மூலை காலியாகத் தெரிந்தால் ஒளிபரப்பு சப்பென்று போகும். துணை நடிகர்கள் ஒட்டுமொத்தமாக வராமல் போனால் ஷூட்டிங் நிற்கும் என்ற பயம்தான் அந்த 30 பவுண்டு.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். எண்பதுகளின் கேலரிக்கு என்னை யாராவது கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா? சந்தேகம்தான். 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் குப்பை சேர்ந்த மரக் கேலரி எரிந்து 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து சென்றதில் சுவர் சரிந்து 39 பேர், பெரும்பாலும் யுவெண்டஸ் ஆதரவாளர்கள், மாண்டார்கள். லிவர்பூலுக்கு ஆடிய ஜான் பார்ன்ஸ் மேல் கேலரியிலிருந்து வாழைப்பழம் வீசினார்கள். அவர் அதைக் குதிகாலால் எத்தித் தள்ளும் 1988-ஆம் ஆண்டு புகைப்படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. என் நிறத்தில் ஒருவன், ஒரு பெண், ஒரு குழந்தை அந்தக் கூட்டத்தில் நிம்மதியாக நின்றிருக்க முடியாது. 1948-49-ல் நான்கு கோடிப் பேருக்கு மேல் வந்த லீக் ஆட்டங்களுக்கு 1985-86-ல் வந்தவர்கள் 1.65 கோடிதான். கழிப்பறை நாறியது, கூரை ஒழுகியது, மக்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிரீமியர் லீக்கின் பணம் மைதானத்தைப் பாதுகாப்பாக்கியது, ஆட்டத்தின் தரத்தையும் ஏற்றியது. மறுக்க முடியாது. மைதானத்தைச் சுத்தமாக்குவதற்கு 10 பவுண்டு டிக்கெட்காரனைத் துரத்த வேண்டியிருந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மனியில் துரத்தவில்லை. டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் இன்றும் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள், 20 யூரோவுக்குள் டிக்கெட். அங்கே கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று 50+1 விதி உண்டு. விலையை ஏற்றினால் அடுத்த பொதுக்குழுவில் கேள்வி வரும். டிக்கெட் விலையை ஏற்றிக் கிடைக்கும் தொகைக்காக ஆட்டக்காரர் ஒப்பந்தப் பேச்சில் நாங்கள் ஐந்து நிமிடம்தான் வாதாடுவோம், ரசிகனுக்கோ அந்த வித்தியாசம் பெரிது, அவன் கறவை மாடு இல்லை என்ற பொருளில் பயர்ன் மியூனிக்கின் ஊலி ஹோனஸ் சொன்னதை ஆங்கிலேய ரசிகர்கள் பேனரில் எழுதாத குறைதான். 2024 தொடக்கத்தில் லீக்கின் ஊடக உரிமையில் முதலீட்டாளர்களுக்குப் பங்கு விற்கப் பார்த்தபோது ஜெர்மன் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை மழையாக வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. உடனே ஜெர்மனியைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினோரு முறை பயர்னே லீக்கை வென்றது. மலிவு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த தொடரைப் பார்த்தார்கள்.

இப்போது நம் பக்கம். பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு உரிமை 2022-ல் தொடங்கிய சுற்றில் உள்நாட்டு உரிமையையே விலையில் மிஞ்சிவிட்டது. அந்த வெளிநாட்டில் நானும் இருக்கிறேன், சென்னையில், சந்தா கட்டிக்கொண்டு. சனிக்கிழமை மதியம் 12.30-க்கு ஆட்டம் வைத்தால் நமக்கு மாலை ஐந்தோ ஆறோ, டீ குடித்துக்கொண்டே பார்க்கத் தோதான நேரம். அதற்காக லிவர்பூல்காரன் விடியற்காலையில் எழுந்து, சரியான ரயில் இல்லாமல் லண்டனுக்கு ஓடுகிறான்.

இதைவிட வினோதம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45-லிருந்து 5.15 வரை எந்தக் கால்பந்தாட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. பர்ன்லி தலைவர் பாப் லார்ட் அறுபதுகளில் வாதாடிக் கொண்டுவந்த ஏற்பாடு. டிவியில் பெரிய ஆட்டம் ஓடினால் சின்ன ஊர் மைதானத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற அக்கறை. நல்ல அக்கறைதான். விளைவைப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் மூன்று மணிக்கு ஆட்டம். பக்கத்துத் தெருக்காரனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை அல்லது கட்டுப்படியாகவில்லை. கூரைக்கு மேல் எழும் சத்தம் அவன் வீட்டு ஜன்னலில் கேட்கும், ஆட்டத்தைச் சட்டப்படி டிவியில் பார்க்க முடியாது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நான் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்க்கிறேன். அவனைவிட நான் மலிவாகப் பார்க்கிறேன் என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி என்று சொல்ல முடியவில்லை.

நேரில் போனால் நாங்களும் விலையேற்றத்தில் ஒரு கண்ணிதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆன்ஃபீல்டைப் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவன் பேரம் பேச மாட்டான். கடையில் இரண்டு ஜெர்சி, இரண்டு அணிகளின் பெயரும் பாதிப் பாதி போட்ட ஸ்கார்ஃப் ஒன்று, விருந்து இருக்கை எல்லாம் வாங்குவான். வாராவாரம் வரும் உள்ளூர்க்காரன் வாங்குவது 'பை' என்ற தின்பண்டம் ஒன்று மட்டும். கிளப் யாரை விரும்பும்? அந்தப் பாதிப் பாதி ஸ்கார்ஃபைப் பழைய ரசிகர்கள் அடியோடு வெறுக்கிறார்கள் என்று தெரியும். கிடைத்தால் நானும் ஒன்று வாங்கியிருப்பேன்.

என் சித்தி மகன் லண்டனில் டூட்டிங் பக்கம் இருக்கிறான். அம்மன் கோயிலும் தோசைக்கடையும் நம் ஆட்களுமாக இருக்கிற பகுதி. சின்ன வயதில் நான்தான் அவனுக்கு லிவர்பூல் பைத்தியத்தை ஏற்றிவிட்டவன். போன சீசனில் அவனிடம் எனக்கொரு டிக்கெட் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணே, காசு கட்டி மெம்பர் ஆனாதான் குலுக்கல்லயே பேர் போட முடியும். மெம்பர் ஆயிட்டேன். குலுக்கல்ல வரல. வேற வழின்னா சாப்பாட்டோட சேத்து விக்கிற சீட்டுதான். அதுக்கு நான் ஒரு மாச வாடகையத் தரணும்."

"அப்ப நீ எங்கதான்டா பாக்கற?"

"ப்ளவ் லேன்ல."

சட்டென்று புரியவில்லை. ப்ளவ் லேன் ஏஎஃப்சி விம்பிள்டனின் மைதானம், டூட்டிங்கிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தக் கிளப்பின் வரலாறு நான் இதுவரை புலம்பிய எல்லாவற்றுக்கும் ஒரு பதில் மாதிரி. பழைய விம்பிள்டன் கிளப்பை அதன் முதலாளிகள் வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக 2002-ல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அதே ஆண்டு தாங்களே ஒரு கிளப் தொடங்கி, ஒன்பதாவது படிநிலையில் ஆட ஆரம்பித்தார்கள். ஒன்பதே ஆண்டில் தொழில்முறை லீக்குக்குள் ஏறிவந்து, 2020-ல் பழைய தெருவிலேயே சொந்த மைதானமும் கட்டிக்கொண்டார்கள். 2025-ல் மூன்றாம் படிநிலைக்கு மறுபடி ஏறினார்கள். கிளப் ரசிகர்களின் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. மைதானம் கட்டக் கடைசி நேரத்தில் பணம் போதாமல் வெளி முதலீட்டாளருக்கு விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கிக் கை கொடுத்தார்கள்.

"ஆட்டம் எப்படிடா இருக்கும்?" என்றேன்.

"ஆட்டம் சுமார்தாண்ணே. பந்து பாதி நேரம் ஆகாசத்துலதான் இருக்கும். ஆனா என் பக்கத்துல நிக்கிற கிழவர் போன வாரம் பொதுக்குழுவுல பை விலைய ஏத்தினதுக்குத் தலைவரையே எழுப்பி நிக்கவெச்சுக் கேள்வி கேட்டாரு."

"பை விலை குறைஞ்சுதா?"

"இல்ல. அடுத்த கூட்டத்துல மறுபடி கேக்கப் போறாராம்."